ஓசூர்ல ஜப்பானிஸ் கிளாஸ்: ஞாயித்துக்கிழமை செஷனுக்காகவே சேரலாம்

ராயக்கோட்டை ரோட்டுல மாடில இருக்கற சென்டர்ங்க. மொழி கிளாஸ் சுமார்தான், பேட்ச்ல கூட்டம் ஜாஸ்தி, வாய்விட்டுப் பேச சான்ஸே கிடைக்காது. ஆனா ஞாயித்துக்கிழமை ஜப்பான் வாழ்க்கைன்னு ஒரு செஷன் வெக்கிறாங்க பாருங்க, அது வேற லெவல்.

குனிஞ்சு வணக்கம் போடறது, குச்சில சாப்பிடறது எதுவும் கிடையாது, மேடம் நேரா சோசியாலஜிக்குள்ள போயிட்டாங்க. கோன் வாஜிரோன்னு ஒருத்தர், 1923 பூகம்பத்துல டோக்கியோ நாசமாகி ஊரு திரும்ப எழும்பறப்ப ஜனங்க எப்படி இருக்காங்க என்ன உடுத்தறாங்கன்னு தெருவுல நின்னு படம் வரைஞ்சு எழுதி வெச்சவரு. 1925ல கின்சா தெருவுல ஆளுங்கள வெச்சு எண்ணுனா ஆம்பளைங்கள்ல 67 சதவீதம் பேன்ட்டு கோட்டு, பொம்பளைங்கள்ல 99 சதவீதம் கிமோனோ! ஊரே மாடர்ன் ஆயிடுச்சுன்னு பேசிட்டு இருந்த காலம் அது.

எங்களயும் காலைல கம்பெனி பஸ் வர்ற நேரத்துக்கு பஸ் ஸ்டாண்டுல நோட்டோட நிக்க வெச்சாங்க. பசங்க முழு யூனிபார்ம், பொண்ணுங்க சுடிதார் மேல கம்பெனி கோட்டு. தினம் பாக்கறதுதான், ஆனா ஏன் இப்படின்னு அன்னிக்குத்தான் கேக்கவே தோணுச்சு.

அப்புறம் டைம் யூஸ் சர்வே, அதாவது ஜப்பான்ல ஜனங்க ஒரு நாள எது எதுக்கு செலவு பண்றாங்கன்னு எடுக்கற கணக்கு. 2021ல ஆறு வயசுக்குள்ள குழந்தை இருக்கற வீட்டுல வீட்டு வேலை, புள்ள பாக்கறது எல்லாம் சேத்து புருஷன் ஒரு நாளைக்கு 1 மணி 54 நிமிஷம், பொண்டாட்டி 7 மணி 28 நிமிஷம். பின்னாடி உக்காந்திருந்த அக்கா ஒருத்தங்க "எங்க வீட்டுக்கு அந்த 54 நிமிஷம் வந்தாலே போதும் மேடம்"ன்னாங்க, கிளாஸே சிரிச்சுது.

குறையும் இருக்கு. மேடம் வராத வாரம் ஒரு சார் வர்றாரு, அவருக்கு ஜப்பான்னா டிசிப்ளின், சீனியர் ஜூனியர், சாகற வரைக்கும் ஒரே கம்பெனி, அவ்ளோதான். ஜப்பான் சமூகம் சீனியர் ஜூனியர்னு மேல் கீழ் அடுக்கா இருக்குன்னு நகானே சியேங்கற ஜப்பான் மானிடவியல் அம்மா எழுதுனதே 1967லங்க, சார் இன்னும் அதுலயே நிக்கறாரு. 2020 சென்சஸ்படி ஜப்பான்ல 38 சதவீத வீட்டுல ஒத்த ஆள்தான் இருக்காங்க, அந்த வாழ்க்கைய அடுக்கு கணக்குல எங்க வெப்பாருன்னு கேட்டா அடுத்த ஸ்லைடுக்குப் போயிடறாரு.

பீஸ் கொஞ்சம் அதிகம், பைக் நிறுத்த எடமில்ல. ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் காசு கட்டி சேர முடியாது, முழு கோர்ஸும் எடுக்கணும். சேர்றதுக்கு முன்னாடி எந்த வாரம் மேடம்னு கேட்டுக்கங்க. 5க்கு 3.5.