அந்தச் சாவி அவருடையதுதானா? பிஜிபி, எஸ்/மைம், புரோட்டான், டூட்டா: ஓர் ஒப்பீடு

ரகசியமாக மெயில் அனுப்ப எது நல்லது என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் பூட்டின் பலத்தைத்தான் கேட்கிறார்கள். எத்தனை பிட் சாவி, எந்த அல்காரிதம், உடைக்க எத்தனை ஆண்டு ஆகும்? அந்தப் பேச்சு முடிந்து வெகுகாலம் ஆயிற்று. இந்தக் கட்டுரையில் வரும் நான்கில், அதாவது பிஜிபி, எஸ்/மைம் என்ற இரண்டு முறைகளிலும் புரோட்டான், டூட்டா என்ற இரண்டு மெயில் சேவைகளிலும், எதை எடுத்தாலும், ஒழுங்காகப் பயன்படுத்தினால், நடுவழியில் பிடித்துக் கணக்குப் போட்டு உடைத்துப் படிக்க இன்று அறியப்பட்ட நடைமுறை வழி எதுவும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் எந்தச் சாவியால் பூட்டுகிறீர்களோ, அது உண்மையிலேயே அவருடைய சாவிதானா? உங்களுக்கு வந்த மெயிலின் கீழே இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து அவர் போட்டதுதானா? தவறான ஆளின் சாவியை நம்பிப் பூட்டினால், உலகின் மிகச் சிறந்த என்கிரிப்ஷன் உங்கள் ரகசியத்தைப் பத்திரமாக அந்தத் தவறான ஆளிடமே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் 'இது அவருடைய சாவிதான்' என்று யார் உத்தரவாதம் தருகிறார்கள் என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இந்த வழிகளை எடைபோடுகிறேன்.

முதலில், சாதாரண மெயிலே இன்று என்ன தருகிறது என்று பார்த்துவிடுவோம். சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலான பாதை பெரும்பாலும் டிஎல்எஸ் என்ற என்கிரிப்ஷனால் மூடப்பட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சர்வரிலும் மெயில் திறந்துதான் கிடக்கும். அனுப்பியவர் யார் என்பதற்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று ஏற்பாடுகள் உண்டு. 2024 பிப்ரவரி முதல் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு இவற்றை ஜிமெயிலும் யாஹூவும் கட்டாயமாக்கின. போலி மெயில்களைத் தடுக்க இவை உண்மையில் உதவுகின்றன. ஆனால் டிகிம் கையெழுத்து டொமைனின் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதியின்) பெயரில் சர்வர் போடுவது. மெயிலை எழுதிய மனிதரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உங்கள் நண்பரின் பாஸ்வேர்டைத் திருடி ஒருவர் அவருடைய கணக்கிலிருந்தே அனுப்பினால் எல்லாச் சோதனையிலும் அந்த மெயில் தேறிவிடும். ஒரே ஓர் எழுத்து மாற்றி டொமைன் வாங்கியவரும் தன் டொமைனுக்கு ஒழுங்காக டிகிம் போட்டுத் தேறிவிடுவார். இது அடித்தளம், அவ்வளவுதான். ரகசியத்துக்கு இதற்கு மேலே ஒன்று வேண்டும்.

பிஜிபி: உத்தரவாதம் நீங்களே

1991-இல் ஃபில் சிம்மர்மன் வெளியிட்டது பிஜிபி. அதன் திறந்த வடிவமான ஓபன்பிஜிபியை இன்று க்னூபிஜி, தண்டர்பேர்ட், மெயில்வெலோப் போன்ற மென்பொருள்கள் பேசுகின்றன. உங்களிடம் இரண்டு சாவிகள் இருக்கும். பொதுச்சாவியை ஊருக்கே கொடுக்கலாம். தனிச்சாவி உங்கள் கருவியை விட்டு வெளியே போகக் கூடாது. மற்றவர்கள் பொதுச்சாவியால் பூட்டுவார்கள், நீங்கள் தனிச்சாவியால் திறப்பீர்கள். கையெழுத்து இதற்குத் தலைகீழ்: தனிச்சாவியால் போடுவது, பொதுச்சாவியால் சரிபார்ப்பது.

இங்கே நடுவர் கிடையாது. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் மெயில் முகவரியிலும் சாவி உருவாக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இருப்பது சாவியின் கைரேகை, அதாவது பரவலாகப் புழங்கும் சாவிகளில் 40 எழுத்து நீளமுள்ள ஒரு சரம். அதை மெயில் அல்லாத இன்னொரு வழியில் ஒப்பிட வேண்டும். போனில் அவர் நான்கு நான்கு எழுத்தாகப் படிக்கிறார், நீங்கள் திரையில் பார்த்துக்கொண்டே வருகிறீர்கள். பத்துத் தொகுதி, ஒரு நிமிட வேலை. குரல் அவருடையதுதான் என்று உங்களுக்குத் தெரிகிறது, எழுத்துகள் பொருந்துகின்றன, முடிந்தது. இதற்குப் பிறகு அந்தச் சாவியை நம்ப எந்த நிறுவனத்தின் தயவும் தேவையில்லை. நான் பிஜிபியை இன்னும் உயர்வாக மதிப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

கடைசி எட்டு எழுத்தை மட்டும் பார்த்தால் போதாதா? போதாது. அந்த எட்டு எழுத்து ஒத்துப்போகும்படி போலிச் சாவியை ஒரு சாதாரண கணினியிலேயே உருவாக்கிவிடலாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரில் அப்படியொரு போலிச் சாவி, பொதுச்சாவிகளைப் போட்டுவைத்துத் தேடி எடுக்கும் சாவி சர்வர்களில் இருப்பது 2016-இல் தெரியவந்தது. முழுக் கைரேகையையும் பார்க்க வேண்டும்.

கைரேகை எவ்வளவு முக்கியம் என்பதற்கு, அமெரிக்க உளவு அமைப்பின் ரகசிய ஆவணங்களை வெளியே கொண்டுவந்த எட்வர்ட் ஸ்னோடன் விஷயமே போதும். 2012 டிசம்பரில் அவர் முதலில் அணுகியது பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டை. கிரீன்வால்ட் பிஜிபி போட்டுக்கொள்ளவில்லை, அதனால் பேச்சு நகரவில்லை. அப்புறம் ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸைத் தொடர்புகொள்ள, அவருடைய சாவியைக் கேட்டு, டிஜிட்டல் உரிமை அமைப்பான எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனில் இருந்த மைக்கா லீ என்பவருக்கு எழுதினார். பூட்டித்தான் அனுப்பினார், ஆனால் தன் சாவியை இணைக்க மறந்துவிட்டார். பதிலைப் பூட்ட வழியில்லாமல் மைக்கா லீ பூட்டாத மெயிலில் சாவி கேட்க வேண்டியதாயிற்று. பாய்ட்ரஸின் சாவி கிடைத்த பிறகும் ஸ்னோடன் திருப்திப்படவில்லை. நடுவில் யாராவது சாவியை மாற்றியிருந்தால்? அதனால் அதன் கைரேகையை மைக்கா லீ தன் ட்விட்டர் பக்கத்தில் பொதுவில் போட்டார். ஏமாற்ற நினைப்பவர் இப்போது மெயிலோடு அந்த ட்விட்டர் கணக்கையும் கைப்பற்றியிருக்க வேண்டும். இரண்டு தனித்தனி வழி, ஒரே கைரேகை. அடையாளச் சரிபார்ப்பின் முழுப் பாடமும் இதில் இருக்கிறது. கருவியை நன்றாக அறிந்தவர்களே சாவி இணைக்க மறப்பார்கள் என்பதும் சேர்த்துத்தான்.

பிஜிபியின் பலவீனமும் அதேதான்: எல்லாப் பொறுப்பும் உங்கள் தலையில். 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் 12 பேருக்கு 90 நிமிடம் கொடுத்துப் பிஜிபியில் மெயில் அனுப்பச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கினரால்தான் சரியாகக் கையெழுத்திட்டுப் பூட்டி அனுப்ப முடிந்தது. மூன்று பேர் ரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். இப்போது நிலைமை தேவலை. 2020-இல் வந்த தண்டர்பேர்ட் 78 முதல் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். அதே மென்பொருளில் சாவி உருவாக்கலாம், பூட்டலாம், கையெழுத்திடலாம். ஒருவரின் சாவியை இன்னொருவர் கையெழுத்திட்டு உறுதிசெய்யும் 'நம்பிக்கை வலை' மட்டும் நினைத்தபடி வளரவில்லை. 2019-இல் சிலருடைய சாவிகளின் மேல் குப்பைக் கையெழுத்துகளை ஆயிரக்கணக்கில் குவித்து அவற்றைப் பயன்படுத்தவே முடியாதபடி செய்தார்கள். அதே ஆண்டு வந்த புதிய சாவி சர்வர், முகவரிக்கு மெயில் அனுப்பி உறுதிசெய்த பிறகுதான் சாவியைப் பட்டியலிடுகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த இன்பாக்ஸ் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. கைரேகை ஒப்பிடும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

எஸ்/மைம்: உத்தரவாதம் ஒரு சான்றிதழ் நிறுவனம்

எஸ்/மைமும் இரட்டைச் சாவி முறைதான். ஆனால் சாவிக்குச் சொந்தக்காரர் யார் என்பதற்கு ஒரு சான்றிதழ் நிறுவனம் கையெழுத்திடுகிறது. இணையதளங்களின் பூட்டுக் குறிக்குப் பின்னால் இருக்கும் அதே ஏற்பாடு. அவுட்லுக்கிலும் ஆப்பிள் மெயிலிலும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கையெழுத்திட்ட மெயில் அனுப்பினால் பெறுபவர் எதுவும் செய்யாமலே அடையாளக் குறி தெரியும். யாரும் யாருக்கும் போன் போட்டு எழுத்துகளைப் படிக்க வேண்டாம். பூட்டி அனுப்பத் தொடங்கவும் எளிது: இருவரும் ஆளுக்கொரு கையெழுத்திட்ட மெயில் அனுப்பிக்கொண்டால் சான்றிதழ்கள் கைமாறிவிடும், அடுத்த மெயிலிலிருந்து பூட்டலாம்.

ஆனால் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பாருங்கள். மலிவானவற்றில் பெரும்பாலும் மெயில் முகவரி மட்டும்தான் இருக்கும். அந்த இன்பாக்ஸைத் திறக்க முடிந்தவருக்குத் தரப்பட்ட சான்று அது. பெயரும் நிறுவனமும் சரிபார்க்கப்பட்ட சான்றிதழ் வேறு வகை. 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பொது விதிகள் முகவரி மட்டும், நிறுவனம், நிறுவனத்தின் சார்பில் ஒருவர், தனிநபர் என்று நான்கு வகையாகப் பிரித்துவிட்டன. அதற்கு முன்பு ஆளுக்கொரு அளவுகோல் இருந்தது. 'சான்றிதழ் இருக்கிறது' என்பதை வைத்து எதிரில் இருப்பவர் இன்னார்தான் என்று முடிவுகட்டாதீர்கள். எந்த வகை என்று பாருங்கள்.

உத்தரவாதம் தருபவரே வீழ்ந்தால்? 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் ஊடுருவி, கூகுள் உட்படப் பல தளங்களின் பெயரில் போலிச் சான்றிதழ்கள் எடுத்தார்கள். பிரவுசர்கள் அந்நிறுவனத்தை ஒட்டுமொத்தமாக விலக்கின, அதே ஆண்டு அது திவாலானது. அவை இணையதளச் சான்றிதழ்கள்தான், என்றாலும் எஸ்/மைம் நிற்பதும் அதே அஸ்திவாரத்தின் மேல்தான்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். இலவசச் சான்றிதழ் தரும் சில இடங்களில் தனிச்சாவியையும் அவர்களே உருவாக்கிக் கையில் கொடுப்பார்கள். அந்தச் சாவியைப் பார்த்த இன்னொருவர் இருக்கிறார் என்று பொருள். தனிச்சாவி உங்கள் கருவியில் உருவாக வேண்டும், சான்றிதழ் மட்டும் வெளியிலிருந்து வர வேண்டும். அப்புறம், காலாவதியான சாவியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதனால் பூட்டப்பட்ட பழைய மெயில்களைத் திறக்க அது என்றைக்கும் வேண்டும்.

புரோட்டான், டூட்டா: உத்தரவாதம் சேவை நடத்துபவர்

இங்கே சாவி என்ற பேச்சே பயனரின் கண்ணில் படாது. இரண்டு பேரும் ஒரே சேவையில் இருந்தால், எழுதுகிறீர்கள், அனுப்புகிறீர்கள், அது தானாகவே பூட்டப்படுகிறது. பழகாதவர்களை ரகசிய மெயிலுக்குக் கொண்டுவர இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

2014-இல் தொடங்கிய சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில் உள்ளே ஓபன்பிஜிபியைத்தான் பயன்படுத்துகிறது. அதனால் வெளியே பிஜிபி வைத்திருப்பவரோடும் நேரடியாகப் பேசும். அந்த இணக்கத்துக்குக் கொடுக்கும் விலை, தலைப்பு வரி முனைக்கு முனை (அனுப்புபவர் முதல் பெறுபவர் வரை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி) பூட்டப்படுவதில்லை. ஜெர்மனியின் டூட்டா தனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறது, தலைப்பையும் சேர்த்துப் பூட்டுகிறது. ஆனால் பிஜிபி பேசாது. வேறு சேவையில் இருப்பவருக்கு இரண்டுமே கடவுச்சொல் போட்ட மெயிலைத் திறக்க ஒரு லிங்க் அனுப்பும். அந்தக் கடவுச்சொல்லை வேறு வழியில்தான் சொல்ல வேண்டும்.

சரி, சாவி யாருடையது என்று யார் சொல்கிறார்கள்? சர்வர் சொல்கிறது. நீங்கள் ஒருவர் முகவரியைத் தட்டும்போது அவருடைய பொதுச்சாவியை எடுத்துத் தருவது சேவை நடத்தும் நிறுவனம். அது மாற்றித் தந்தால் நீங்கள் கண்டுபிடிப்பது கடினம். இதற்காகப் புரோட்டானில் ஒருவரின் சாவியை 'நம்பகமானது' என்று குறித்துவைக்கும் வசதி உண்டு. பிறகு அது மாறினால் எச்சரிக்கும். பலரும் அந்தப் பக்கமே போவதில்லை. முக்கியமான ஓரிருவருக்காவது அதைச் செய்துவையுங்கள்.

நிறுவனம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும். கனடாவின் ஹஷ்மெயில் நீதிமன்ற உத்தரவின்பேரில் சில பயனர்களின் மெயில்களைத் திறந்த நிலையிலேயே ஒப்படைத்தது 2007-இல் வெளியே வந்தது. 2021-இல் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுக்குப் புரோட்டான் பணிந்தபோது, பிரான்ஸைச் சேர்ந்த ஒரு செயற்பாட்டாளரின் ஐபி முகவரி வெளியே போனது, மெயிலின் உள்ளடக்கம் போகவில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. நிறுவனத்தால் திறக்க முடியாததை யாரும் கேட்டு வாங்க முடியாது.

கையெழுத்து சொல்லாத ஒன்று

கையெழுத்தும் பூட்டும் சேர்ந்தே இருந்தாலும் ஓர் ஓட்டை உண்டு. பேசுகிறவர்கள் குறைவு என்பதால் இங்கே விரிவாகவே சொல்கிறேன். 'ஒப்பந்தம் ரத்து' என்று ஒரே வரி எழுதி, கையெழுத்திட்டு, பூட்டி ஒருவருக்கு அனுப்புகிறீர்கள். அவர் பூட்டைத் திறக்கிறார். உள்ளே உங்கள் கையெழுத்தோடு அந்த வரி இருக்கிறது. அதை அப்படியே எடுத்து, உங்களோடு வேறொரு ஒப்பந்தம் வைத்திருக்கும் மூன்றாம் நபரின் சாவியால் மறுபடி பூட்டி, நீங்கள் அனுப்பியதுபோல அனுப்பிவிடுகிறார். மூன்றாம் நபரின் திரையில் உங்கள் கையெழுத்து செல்லுபடியாகும் என்று பச்சைக் குறி வரும். கையெழுத்தும் உண்மை, வாசகமும் உண்மை, பெறுநர் மட்டும் பொய். பிஜிபி, எஸ்/மைம் இரண்டிலும் இது சாத்தியம் என்று 2001-இலேயே டான் டேவிஸ் எழுதினார். 2024-இல் வந்த ஓபன்பிஜிபியின் புதிய தர ஆவணமான ஆர்எஃப்சி 9580-இல், யாருக்காக எழுதியது என்பதைக் கையெழுத்துக்குள்ளேயே வைக்க இடம் இருக்கிறது. அது எங்கும் பரவும்வரை, யாருக்கு, எந்தத் தேதியில், எதைப் பற்றி என்பதை மெயிலின் உடலிலேயே எழுதுங்கள். 'இன்னாருக்கு, இன்ன ஒப்பந்தம் குறித்து' என்று ஒரு வரி சேர்த்தால் இந்த வித்தை பலிக்காது.

2018-இல் வெளியான ஈஃபெயில் தாக்குதலும் பிஜிபி, எஸ்/மைம் இரண்டையும் பாதித்தது. பூட்டிய மெயிலைக் கொஞ்சம் திரித்து, திறந்ததும் உள்ளடக்கத்தை வெளியே அனுப்பிவிடும்படி, மெயிலைப் படங்களோடு அலங்கரித்துக் காட்டும் எச்டிஎம்எல்லைப் பயன்படுத்தினார்கள். மென்பொருள்கள் திருத்தப்பட்டுவிட்டன. ஆனாலும் ரகசிய மெயிலை வெறும் எழுத்தாக மட்டும் காட்டும்படி அமைத்துக்கொள்வது நல்லது.

எதை எடுப்பது?

ஓர் அலுவலகம் முழுவதற்கும் என்றால் எஸ்/மைம். சான்றிதழை நிர்வாகமே கொடுத்து, புதுப்பித்து, ஆள் விலகும்போது ரத்தும் செய்யலாம். நூறு பேரைக் கைரேகை ஒப்பிட வைப்பது நடக்காத காரியம். குடும்பம், நண்பர்கள், ஒரு வழக்கறிஞரும் அவருடைய கட்சிக்காரரும் என்றால் இருவரும் புரோட்டானில் இருங்கள், அல்லது இருவரும் டூட்டாவில். தலைப்பு வரியே காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சம் இருந்தால் டூட்டா. வெளியே பிஜிபி வைத்திருப்பவர்களோடும் பேச வேண்டுமென்றால் புரோட்டான். சேவை நடத்துபவரையே நம்ப முடியாத நிலையில் இருக்கும் பத்திரிகையாளர், தகவல் தருபவர், மென்பொருள் வெளியிடுகிறவர் இவர்களுக்குப் பிஜிபிதான். சிரமம் நிஜம், அதற்கு ஈடான பலனும் நிஜம்.

இவற்றில் எதுவும் யார் யாருக்கு எப்போது எழுதினார்கள் என்பதை மறைக்காது. பிஜிபியிலும் எஸ்/மைமிலும் தனிச்சாவி பின்னாளில் திருடுபோனால், அதனால் பூட்டிய பழைய மெயில்கள் அத்தனையும் திறந்துகொள்ளும். அதைத் தாங்க முடியாது என்றால் மெயிலை விட்டுவிட்டு சிக்னல் என்ற செய்திச் செயலிக்குப் போய்விடுங்கள். அங்கே சாவிகள் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். ஆளைச் சரிபார்க்க 60 இலக்கப் பாதுகாப்பு எண் உண்டு. மெயில்தான் வேண்டும் என்றாலும், பிஜிபி கைரேகையை ஒப்பிடும் இரண்டாவது வழியாக சிக்னல் அழைப்பு மிகவும் பொருத்தமானது. ஒருவரிடமிருந்து 'புதுச் சாவி போட்டிருக்கிறேன்' என்று மெயில் வந்தால் மட்டும் அதே மெயிலுக்குப் பதில் போட்டு உறுதி கேட்காதீர்கள். அழைத்துக் கேளுங்கள்.