இன்ஜின் ட்ரீட்மென்ட் டப்பாவை நீட்டினால் ஊற்ற விடாதீர்கள்

ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம் பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆயில் மாற்ற வண்டியை விட்டால் இன்ஜின் உள்பக்கத்தைக் கழுவ ஃப்ளஷ், ஆயிலில் கலக்க ஆயில் ட்ரீட்மென்ட், டீசலில் கலக்க டீசல் பூஸ்டர் என்று மூன்று டப்பாவை நம்மைக் கேட்காமலே ஊற்றிவிட்டு பில்லில் ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு டப்பாக் காசு மட்டும் 2,350 ரூபாய். அது போனால் போகட்டும், இன்ஜினே போயிருக்கும். புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் இருக்கிறது, அவ்வளவு போதும்.

வண்டி 2014 மாடல் டீசல், டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) வைத்தது. பிக்கப் குறைந்திருந்தது. பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் மிதித்தால் பின்னால் கரும்புகை. மைலேஜும் இறங்கியிருந்தது. இந்த மூன்றையும் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன். பட்டறைக்காரர் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்ததோடு சரி. "உள்ள கார்பன் கட்டிருச்சுண்ணே. இந்த உப்புக் காத்துக்கு எல்லா வண்டிக்கும் வர்றதுதான்" என்றார்.

இது சுத்தப் பொய். உப்புக் காற்று நம் வண்டிகளைத் தின்பது உண்மைதான், ஆனால் தின்பது வெளியில் இருக்கும் உலோகத்தை: அடித்தகடு, சைலன்சர், பிரேக் பைப், எர்த் ஒயர் முனை, ஏசி கண்டென்சர். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும். அதற்கும் இன்ஜினுக்குள் கட்டும் கார்பனுக்கும் சம்பந்தமே இல்லை.

மேசையில் ஒரு சின்ன இயந்திரம் வைத்திருந்தார். மோட்டாரில் சுற்றும் ஒரு வளையம், அதன்மேல் நெம்புகோலால் அழுத்தும் ஒரு இரும்புத் துண்டு. சாதாரண ஆயில் ஊற்றி அழுத்தினால் கிறீச்சிட்டு நின்றுவிடுகிறது. அதில் இவர் டப்பாவிலிருந்து கொஞ்சம் ஊற்றினால் எவ்வளவு அழுத்தினாலும் சுற்றுகிறது. அங்கே நின்ற எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்ஜினில் சுற்றும் கிராங்க் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் அப்படி ஒன்றோடொன்று அழுந்தித் தேய்வதில்லை. பம்ப் தள்ளும் ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றுகின்றன. அந்த மேசை வித்தையில் ஜெயிக்கக் குளோரின் கலந்த சில ரசாயனங்களே போதும். அவை இன்ஜின் சூட்டில் உடைந்தால் அமிலம் உண்டாகி உலோகத்தை அரிக்கும்.

"வேண்டாம், ஆயிலும் ஃபில்டர்களும் மட்டும் மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். சாயங்காலம் போனால் மூன்று டப்பாவும் காலி. "போட்டுட்டோம்ணே, வித்தியாசத்தை நீங்களே பாருங்க" என்றார். இறக்கிய ஆயிலை ஒரு தட்டில் வைத்து, கறுப்பாக இருப்பதைக் காட்டி, அவ்வளவும் ஃப்ளஷ் கொண்டுவந்த அழுக்கு என்றார். டீசல் இன்ஜினில் புது ஆயிலே கொஞ்ச தூரத்தில் கறுத்துவிடும். எரியும்போது வரும் கரியை ஆயில் தன்னுள் இழுத்து மிதக்க வைத்துக்கொள்கிறது, அதுதான் அதன் வேலை. கறுப்பு ஆயிலைக் காட்டிக் காசு கேட்பவர் வேறு எதையும் காட்டத் தயாராக இருப்பார்.

முதலில் வண்டி மெத்தென்று ஓடியது, அதை மறைக்கவில்லை. புது ஆயில், புது ஏர் ஃபில்டர், வேறென்ன செய்யும்? "நான் போட்டேன், நல்லா இருக்கு" என்று சொல்கிறவர்களில் பாதிப்பேர் இந்தப் புது ஆயிலைத்தான் பாராட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். கரும்புகை அப்படியே இருந்தது. அப்புறம் ஒருநாள் திருப்புல்லாணி தாண்டிக் கீழக்கரைக்குப் போகும் வழியில் டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்ணம் போல ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அது ஆயில் அளவைச் சொல்லும் விளக்கு அல்ல, ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்வது. எரிந்தால் அடுத்த பங்க் வரை போகலாம் என்று நினைக்கக்கூடாது, அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். அணைத்தேன். அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் நிறைய இருந்தது.

கயிறு கட்டிக் கீழக்கரையில் ஒரு காக்காவின் (அங்கே முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) பட்டறைக்கு இழுத்துப் போனோம். விசைப்படகு இன்ஜின்களில் கை பழகியவர். நான் கதையைச் சொல்லி முடிக்கும் முன்பே, "ஃப்ளஷ் ஊத்துனானா தம்பி?" என்றார். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினார். அடியில் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலைக்கண்ணில் கறுப்பு வண்டல் அப்பிக்கிடந்தது. நடந்தது இதுதான்: எனக்கு முன் வைத்திருந்தவர் ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் உள்பக்கமெல்லாம் வண்டல் படிந்திருக்கும். ஃப்ளஷ் என்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய் இனத்துக் கரைப்பானும் கொஞ்சம் அழுக்கு நீக்கியும். அது வண்டலை முழுக்கக் கரைப்பதில்லை, பெயர்த்து விடுகிறது. பெயர்ந்த கட்டி வலையில் போய் அடைத்துக்கொண்டால் பம்ப்புக்கு ஆயில் போகாது. டர்போவும் இதே ஆயிலை நம்பித்தான் சுற்றுகிறது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் டர்போவும் பேரிங்கும் சேர்ந்து போயிருக்கும்.

சரி, அந்தக் கரும்புகை? காக்கா டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் ஹோஸைக் கையால் அமுக்கிப் பிரித்துக் காட்டினார். கீழ்ப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நீளமாக ஒரு வெடிப்பு, சுற்றிலும் ஆயில் ஈரம். சென்சார் அளந்த காற்று வழியிலேயே ஒழுகிவிடுகிறது. அந்த அளவுக்கு ஏற்ப வந்த டீசல் முழுதாக எரியாமல் புகையாகிறது. பிக்கப்பும் மைலேஜும் போன காரணமும் இதுவே. ஹோஸை மாற்றியதும் மூன்றும் சரியாகிவிட்டன. எந்த டப்பாவும் ரப்பர் ஹோஸை ஒட்டாது. என் கோபம் டப்பா விற்றதில் இல்லை. வண்டியைப் பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்காமல், பார்த்த மாதிரி காட்ட ஒரு டப்பாவை ஊற்றியதில்தான்.

ஆயிலில் ஊற்றும் டப்பாக்களைப் பற்றி இதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் சொல்லிவிடுகிறேன். நல்ல நிறுவன ஆயிலிலேயே தேய்மானம் தடுக்கத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மம், அழுக்கைக் கழுவும் கால்சியம் உப்புகள், கரியை மிதக்க வைப்பவை, நுரை தடுப்பவை எல்லாம் அளந்து கலந்துதான் வருகின்றன. மேலே இன்னொரு டப்பா ஊற்றுவது, கருவாட்டுக் குழம்புக்குப் பச்சை மீன் குழம்பின் அளவுக்கு உப்புப் போடுகிற வேலை. பல கார்களின் கையேட்டிலேயே கூடுதலாக எதையும் கலக்காதே என்று அச்சிட்டிருக்கிறார்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புதிய புகை மாசு விதி) டீசல் வண்டி என்றால் இன்னும் மோசம். சைலன்சர் வழியில் கரி வடிகட்டி இருக்கிறது. உலோகம் கலந்த சேர்க்கைகள் எரிந்து சாம்பலாகி அதில் தங்கும். கரியை எரித்து வெளியேற்றலாம், சாம்பலை முடியாது.

அமெரிக்காவில் இந்த வியாபாரம் எப்போதோ சந்தி சிரித்துவிட்டது. ஸ்லிக் 50 என்று, நான்ஸ்டிக் தவாவில் பூசும் பொருளை ஆயிலில் கலந்து விற்றார்கள். ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் காய்ந்த நிலையில் தேய்கிறது, எங்கள் டப்பா காப்பாற்றும் என்று விளம்பரம். 1996ல் அந்த நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் இது பொய் விளம்பரம் என்று நடவடிக்கை எடுத்தது. கையேட்டில் சொன்ன ஆயிலை ஊற்றினாலே பெரும்பாலான இன்ஜின்களுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது என்பது ஆணையத்தின் நிலை. 1997ல் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. அதே காய்ந்த இன்ஜின் கதையைத்தான் நம் ஊர் பட்டறையில் இப்போது எனக்குச் சொன்னார்கள்.

பெட்ரோல் கார்க்காரர்களுக்கு வேறு தூண்டில். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து, எத்தனாலை முறிக்கும் சொட்டு மருந்து என்று 50 மில்லி பாட்டில் விற்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 35 லிட்டர் டாங்கில் 7 லிட்டர் எத்தனால். அதை 50 மில்லி எங்கே முறிக்கிறது? மைலேஜ் குறைவது உண்மை, ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு என்று வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. இல்லாத ஆற்றலைப் பாட்டில் கொண்டுவராது.

எல்லா டப்பாவும் ஏமாற்று என்றும் சொல்லமாட்டேன். பாலிஈதர்அமைன் என்ற அழுக்கு நீக்கும் ரசாயனம் இருக்கும் பெட்ரோல் கிளீனர், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் முனையில் படிந்த அழுக்கை உண்மையிலேயே கழுவும். இன்ஜெக்டரில் குறை இருந்தால், நல்ல நிறுவனத்துடையதை எப்போதாவது ஊற்றலாம். சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் புது டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் அதுவும் காற்று உள்ளே போகும் இன்டேக் வால்வைத் தொடாது, பெட்ரோல் அந்த வழியே போவதில்லையே. டீசல்காரர்கள் அந்தக் காசுக்கு டீசல் ஃபில்டரைக் காலத்தில் மாற்றி, அதன் அடியில் தேங்கும் தண்ணீரை வடிக்கச் சொன்னால் போதும். பங்க்கில் சந்தேகம் வந்தால் அடர்த்தியைக் காட்டச் சொல்லலாம், 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் அளந்து காட்டச் சொல்லலாம். மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

டப்பாவைக் கையில் வாங்கிப் பாருங்கள். பொட்டலச் சரக்கு விதிப்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், அளவு, தயாரித்த மாதம் வருடம், அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். எனக்கு ஊற்றியதில் முகவரி இல்லை. விலை ஸ்டிக்கருக்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது, அதில் விலை குறைவு. காலி டப்பாக்களைக் கேட்டு வாங்கி வந்தேன், இப்போது அவைதான் சாட்சி. பில் தர மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைதான். எனக்கு முதலில் துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள், நின்று கேட்ட பிறகே பில் வந்தது. வண்டியை விடும்போதே செய்ய வேண்டிய வேலையை எழுதி, "வேறு எதையும் கேட்காமல் சேர்க்கக்கூடாது" என்று ஒரு வரி போட்டுக் கையெழுத்து வாங்கி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. பட்டறைக்காரர் இப்போது டப்பாக் காசை மட்டும் திருப்பித் தருகிறேன் என்கிறார். சம்ப் கழற்றிய கூலியும், மறுபடி ஊற்றிய ஆயிலின் விலையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறேன். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய டப்பா உங்கள் வண்டியிலும் ஊற்றப்பட்டிருந்தால், பில்லின் படத்தோடு நீங்களும் தனியாக 1915ல் பதிவு செய்யுங்கள்.