தாடை ஆக்டினோமைகோசிஸ்: பென்சிலினா, செஃப்ட்ரியாக்சோனா?

அம்மாவுக்கு முடக்குவாதத்துக்காகப் பல வருடமாக ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும் (இரண்டுமே எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து) போகிறது, கூடவே சர்க்கரை வேறு. கடைவாய்ப் பல் பிடுங்கிய பக்கம் தாடையில் கெட்டியாக வீங்கி, பிறகு தோலில் ஓட்டை விழுந்து சீழ் வர ஆரம்பித்தது. பயாப்ஸியில் ஆக்டினோமைகோசிஸ் என்று தெரிந்தது. எல்லார் வாயிலும் சாதாரணமாக இருக்கும் பாக்டீரியாதான், ஆனால் பல் எடுத்த புண் வழியாக உள்ளே இறங்கினால், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு எலும்பையே அரித்துவிடலாம்.

வழக்கமான சிகிச்சை 2 முதல் 6 வாரம் நரம்பு ஊசி, அப்புறம் 6 முதல் 12 மாதம் மாத்திரை. எந்த ஊசி என்பதில்தான் கேள்வி.

பென்சிலின்தான் இந்த நோய்க்கு முதல் மருந்து, அதில் தகராறு இல்லை. குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் அது அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் போட்ட மருந்தில் பாதி அரை மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும், அதனால் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை, நடு ராத்திரியிலும் ஏற்ற வேண்டும். அதாவது பெரும்பாலும் வார்டிலேயே இருக்க வேண்டும்.

செஃப்ட்ரியாக்சோன் இன்னொரு ஆன்டிபயாட்டிக், அதில் பாதி குறையவே சுமார் 8 மணி நேரம் ஆகும். தினமும் 2 கிராம், ஒரே தடவை, போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

நாங்கள் இதைத்தான் எடுத்தோம், காரணம் மருந்தின் வீரியம் இல்லை, லைன், அதாவது மருந்து ஏற்ற நரம்பில் போட்டு வைக்கும் குழாய். ஸ்டீராய்டால் அம்மாவின் தோல் மெலிந்து போயிருக்கிறது, கையில் சாதாரண ஊசிக்குழாய் போட்ட இடம் சில நாளிலேயே வீங்கிவிடும், அதனால் பிக் லைன் (கை நரம்பு வழியாக இதயத்துக்குப் பக்கம் வரை போகும் நீளமான குழாய்) போட்டார்கள். அதற்கு வாரா வாரம் டிரெஸ்ஸிங் மாற்ற வேண்டும், மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் தள்ள வேண்டும், குளிக்கும்போது பிளாஸ்டிக் சுற்ற வேண்டும், அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடக்கூடாது. இதையெல்லாம் பழகிவிடலாம். ஆனால் லைனைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு கிருமி நேராக ரத்தத்துக்குள் போக வழி இருக்கிறது. பென்சிலின் என்றால் ஒரு நாளைக்கு 6 தடவை, இதில் ஒரு தடவை. எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்புக்கு இதைவிடப் பெரிய கணக்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

செஃப்ட்ரியாக்சோனுக்கும் குறை உண்டு. பித்தப்பையில் கசடு சேரலாம், கடுமையான வயிற்றுப்போக்கு வரலாம், கால்சியம் உள்ள ட்ரிப்ஸோடு கலக்கக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, பின்னால் டயாலிசிஸுக்கு நரம்பு வேண்டும் என்று பிக் லைனையே பெரும்பாலும் தவிர்ப்பார்கள். அம்மாவுக்கு எலும்பு அதிகம் அரிக்கவில்லை. செத்த எலும்பை ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு எங்கள் அனுபவம் எந்த அளவு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், அதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

மாத்திரை கட்டம் இரண்டு வழிக்கும் ஒன்றுதான், அமாக்சிசிலின். வீக்கம் வடிந்ததும் நிறுத்தினால் திரும்ப வரலாம். அமாக்சிசிலின் மெத்தோட்ரெக்சேட்டை உடம்பிலேயே தேங்க வைக்கக்கூடியது, அதனால் அம்மாவின் வாத டாக்டர் இப்போதைக்கு மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்.