ஆர்எக்ஸ் 100-க்கு வெளி பிளாக்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

நண்பர் ஒருவர் யமஹாவின் பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கான ஆர்எக்ஸ் 100 ஒன்றை வாங்கி, இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, "எந்த பிளாக் வாங்கலாம்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்று கேட்டார். போனில் சொல்லி மாளவில்லை. சரி, எழுதியே விடலாம்.

பிளாக் என்றால் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் சிலிண்டர். என் வண்டியில் இப்போது இருப்பது கம்பெனி பிளாக் இல்லை. வெளித் தயாரிப்பு. வண்டியின் சொந்த பிளாக்கில், பிஸ்டன் உரசி ஓடும் இரும்புக் குழாயான ஸ்லீவ் தேய்ந்து, போர் போட்டுப் போட்டு (உள்ளே கடைந்து அகலமாக்கி) விட்டம் 51 மில்லிமீட்டரில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் பிஸ்டன் சைஸ் கிடையாது. (விட்டம் 50, பிஸ்டன் ஓடும் தூரம் 50 என்று பிறந்த இன்ஜின் 98 சிசிதான். 51-க்குப் போனால் கணக்குப்படி 102 வருகிறது. பெயரில் இருக்கும் 100 போர் போட்ட பிறகுதான் நிஜமாகிறது!)

முதலில், ஜப்பானிலிருந்து வந்த ஒரிஜினல் என்று கடைகளில் விற்கும் 'ஜப்பான் பிளாக்' பற்றி. 1985-ல் வந்த ஆரம்ப வண்டிகளில் ஜப்பான் பாகங்கள் இருந்தது உண்மை. 1996-ல் உற்பத்தியே நின்றது. இத்தனை வருடம் கழித்து பெட்டி பிரிக்காத ஜப்பான் பிளாக் ஊருக்கு ஊர் எங்கிருந்து முளைக்கிறது? ஒரு கடையில் அப்படி ஒன்றைக் காட்டினார்கள். பெட்டியில் அச்சு பளிச்சென்று இருந்தது, எண்ணெய்த் தாள் சுற்றியிருந்தது, விலை என் அரை மாதச் சம்பளம். பைக்குள் இருந்த வெர்னியர் அளவுகோலை எடுத்ததும் கடைக்காரர் முகம் மாறியது. உள்ளே வைத்துப் பார்த்தால் 50.5. புது பிளாக்காம், இரண்டு போர் ஏற்கனவே போட்டாயிற்றாம்! வெளியே மணல் அடித்து, சில்வர் பூசி, உள்ளே ஹோனிங் கல்லால் புதுசு போலக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். எழுத்தும் எண்ணும் பார்த்து ஏமாறாதீர்கள், வார்ப்பில் அதையெல்லாம் யாரும் போட்டுவிடலாம். அளவு 50-ல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். அளக்க விடாத கடையில் டீ கூடக் குடிக்காதீர்கள்.

அதனால் வெளி பிளாக்குக்குப் போனேன். விற்றவர் 'ஒரிஜினல்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்கே மரியாதை. கிட்டில் பிளாக், பிஸ்டன், ரிங், பின் எல்லாம் சேர்த்து ஜப்பான் நாடகத்தில் கேட்ட விலையில் சின்னப் பங்கு. மாட்டுவதற்கு முன் செய்த வேலை இரண்டுதான்: போர்ட், அதாவது சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய்வரும் ஜன்னல்களின் ஓரங்கள் கத்தி மாதிரி கூர்மையாக இருந்தன, ரிங் போய் மாட்டிக்கொள்ளும். மெக்கானிக் அண்ணன் ஓரங்களைத் தேய்த்து மழுங்கடித்தார். பெட்ரோல், காற்றுக் கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வு உட்காரும் முகத்தைக் கண்ணாடி மேல் எமரித் தாள் வைத்துச் சமப்படுத்தினார். அங்கே காற்று புகுந்தால் கலவை வறண்டு பிஸ்டன் ஜாம் ஆகிவிடும்.

அதன் பிறகு குறை சொல்ல முடியாது. காலையில் ஒரே கிக். மைலேஜ் பழையபடிதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மச்சானைப் பின்னால் உட்கார வைத்து ஏறியிருக்கிறேன், ஜாம் என்ற பேச்சே இல்லை. சொல்லப்போனால் கீழ் வேகத்தில் பழைய பிளாக்கைவிட நன்றாக இழுக்கிறது. ஊருக்குள் நெரிசலில் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்துகொண்டு போகலாம். பழைய பிளாக்கில் அதெல்லாம் நடக்காது, முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆனால் சத்தம்.

ஆர்எக்ஸ் சத்தம் என்றால் என்னவென்று இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தெருமுனையில் வரும்போதே வீட்டுக்குள் இருந்து "அவன் வந்துட்டான்" என்பார்களே, அந்தச் சத்தம். இந்த பிளாக்கில் அது இல்லை. போர்வைக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறது. சைலன்சரை மாற்றிப் பார், கார்புரேட்டரை டியூன் பண்ணு என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நல்ல பழைய கம்பெனி சைலன்சரையே போட்டும் பார்த்தாயிற்று. அதே போர்வை.

கடைசியில் இரண்டு பிளாக்குக்குள்ளும் வெள்ளைத் தாளைச் சுருட்டி வைத்து, பென்சிலால் தேய்த்து, போர்ட் ஜன்னல்களின் அச்சை எடுத்தேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. வெளி பிளாக்கில் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் ஜன்னலின் மேல் விளிம்பு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் அது சின்ன விஷயமில்லை. பிஸ்டன் இறங்கும்போது ஜன்னல் தாமதமாகத் திறக்கிறது, புகை வேகம் தணிந்த பிறகே வெளியே போகிறது. சத்தம் மழுங்குவதும், மேல் வேகத்தில் சோம்புவதும், கீழே நன்றாக இழுப்பதும் எல்லாம் அந்த ஒரே காரணத்தால்தான். நான் பாராட்டியதும் திட்டுவதும் ஒரே இடத்தைத்தான் என்பதில் எனக்கு இன்னும் எரிச்சல். போதாததற்கு கலவையை மேலே கொண்டுவரும் இடது, வலது டிரான்ஸ்பர் ஜன்னல்களும் ஒரே உயரத்தில் இல்லை. பிஸ்டன் தலையில் கரி ஒரு பக்கமாகப் படிந்திருந்ததன் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

ஜன்னலை ராவி உயர்த்திவிடலாம் என்பார்கள். கையால் ராவி சமமாக வராது, ராவியதைத் திரும்ப வைக்கவும் முடியாது.

மூன்றாவது வழி, சொந்த பிளாக்குக்கே புது ஸ்லீவ். கோவையில் ஒரு லேத் பட்டறைப் பெரியவரிடம் பழையதைக் கொண்டுபோய்க் காட்டினேன். தாள் அச்சைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, ஸ்லீவ் யார் வேணா ஏத்தலாம். ஜன்னலை ஜன்னலுக்கு நேரா வெட்டறதுதான் வேலை" என்றார். இறுக்கத்தையும் அவரே சொன்னார்: பிளாக்கின் அலுமினியம் ஸ்லீவின் இரும்பைவிடச் சூட்டில் அதிகம் விரியும், அந்தக் கணக்குப் போடாமல் ஏற்றினால் ஓட்டத்தில் ஸ்லீவ் தளர்ந்து திரும்பிவிடும், ஜன்னல் பாதி மூடிக்கொள்ளும். பிளாக்கைச் சூடாக்கி, குளிர்ந்த ஸ்லீவை உள்ளே இறக்குவாராம். அவசரப்படுத்தாதே, கூப்பிடுகிறேன் என்றார். கூலி வெளி பிளாக் விலையைவிட அதிகம்.

ஆக நண்பரே, வெளி பிளாக் நம்பகமானது, மலிவு, மலை ஏறும், ஊருக்குள் சுகம். அதை வாங்காதீர்கள். உங்கள் வண்டியோடு வந்த பிளாக் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் பழைய இரும்புக்குப் போடாமல் வையுங்கள், நல்ல லேத் ஆளைத் தேடுங்கள். அதுவரை ஓட்ட ஏதாவது வேண்டும் என்றால் கடைக்குப் போக வேண்டாம். பெரியவர் கூப்பிட்டதும் என்னுடையதைக் கழற்றுவேன், காசு வேண்டாம், வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.