டைமிங் பெல்ட் அறுந்த வண்டியும் ஐந்தரை மில்லிமீட்டர் கேமராவும்

இந்த எண்டோஸ்கோப் கேமராவை நான் வாங்கியது குளியலறைக் குழாயில் என்ன அடைத்திருக்கிறது என்று பார்க்கத்தான். பெட்டியைப் பிரிப்பதற்குள் கார் எஞ்சினின் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. அதனால் குழாய்க்கு இது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். எஞ்சினுக்குள் விட்டுப் பார்த்த கதையை மட்டும் சொல்கிறேன்.

செல்போனில் செருகும் ரகம். தலை 5.5 மி.மீ. விட்டம், அதைச் சுற்றி ஆறு குட்டி எல்இடி விளக்குகள், 5 மீட்டர் வயர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வயரின் நடுவில் ஒரு சின்னச் சக்கரம். தலையில் மாட்டிக்கொள்ள ஒரு கொக்கி, ஒரு காந்தம், 45 டிகிரி சாய்ந்த ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதே எஞ்சின் அணைந்தது. வெடிச் சத்தமோ புகையோ எதுவும் இல்லை. ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிட்டது. ஓரங்கட்டி ஒரே ஒரு தடவை செல்ஃப் அடித்தேன். வழக்கமாகக் கேட்கும் திணறல் இல்லாமல் தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக, வேகமாகச் சுற்றியது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம், போன எஞ்சின் அப்படித்தான் சுற்றும், ஸ்டார்ட்டரை எதிர்த்து நிற்க உள்ளே ஒன்றும் இருக்காது. இரண்டாம் தடவை நான் அடிக்கவில்லை. அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோவது டைமிங் பெல்ட். அது அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், அந்த நேரத்தில் திறந்திருந்த வால்வுகள் திறந்தபடியே தொங்கும். கிராங்க் மட்டும் வேகம் குறையும்வரை சுற்றி, பிஸ்டனை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தை முறை வைத்துப் பயன்படுத்துகிற எஞ்சின்களில் அங்கே மோதல்தான். செல்ஃப் அடிக்க அடிக்க இன்னும் நாலு அடி விழும்.

வண்டியைக் கட்டி இழுத்து, எனக்குப் பல வருடப் பழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கேமராவைக் காட்டியதும் அவர் சிரித்தார். "தம்பி, இத வெச்சு காதுக்குள்ளதான் பாக்கலாம்" என்றார்.

முதல் வேலையிலேயே அவர் வாயை அது அடைத்தது. டைமிங் கவரின் மேல்பகுதி போல்ட்டுகளை மட்டும் தளர்த்தி, கிடைத்த இடுக்கில் கேமராவை விட்டோம். பெல்ட்டின் கண்ணாடி இழைகள் பிரிந்து துடைப்பம் மாதிரி நின்றன. கீழே, பெல்ட்டைத் தாங்கி ஓடவிடும் ஐட்லர் புல்லியின் முகம் நீலம் பாய்ந்து கிடந்தது. பேரிங் இறுகி நின்றுபோன புல்லியின் மேல் பெல்ட் தேய்ந்து, சூடேறி, அறுந்திருக்கிறது. இதற்கு முன் வேறொரு இடத்தில் பெல்ட் மாற்றியபோது, "புல்லி நல்லாத்தான் சார் இருக்கு" என்று பழையதையே விட்டுவிட்டார்கள். நானும் சரி என்றேன். அந்த இடத்தின் பெயர் வேண்டாம், சரி என்ற என்னையும் சேர்த்துத்தானே திட்ட வேண்டும்.

அடுத்து சிலிண்டர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றியதும் கேமராவை உள்ளே விடப் போனேன். அவர் கையைத் தடுத்தார். பிளக் துளையில் நீளமான பிளாஸ்டிக் குச்சி ஒன்றை விட்டுப் பிடித்துக்கொண்டு, கிராங்க் போல்ட்டில் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்துவதுபோல நகர்த்தினார். நான்கு பிஸ்டன்களும் சிலிண்டரின் நடுவாக்கில் வந்ததும் நிறுத்தினார். இனி கேமை எப்படித் திருப்பினாலும் வால்வு எதிலும் இடிக்காது. கேமராவுக்கும் அது தோதாக அமைந்தது. இதன் ஃபோகஸ் மாற்ற முடியாதது, சில சென்டிமீட்டர் தள்ளி இருப்பதுதான் தெளிவாகத் தெரியும். பிஸ்டன் உச்சியில் நின்றிருந்தால் வெறும் மங்கல்தான் கிடைத்திருக்கும்.

வயர் ஒரு தொல்லை. சுருட்டி வந்த வளைவு போகவே மாட்டேன் என்கிறது, ஆழமான பிளக் குழிக்குள் விட்டால் தலை தன் இஷ்டத்துக்குத் திரும்பி நிற்கிறது. ஒரு கெட்டிக் கம்பியை நீட்டி வைத்து வயரோடு டேப் சுற்றிய பிறகுதான் சொன்ன பேச்சைக் கேட்டது. படம் தலைகீழாக வருகிறது, அதைத் திருப்ப செயலியில் பட்டனே இல்லை. நான் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்றாம் சிலிண்டரில் படம் அருமை. கரி படிந்த பிஸ்டன் தலையில், இன்டேக் பக்கம் (காற்று உள்ளே வரும் வால்வுகள் இருக்கும் பக்கம்), நகத்தால் கீறியது போல இரண்டு பிறைக் கோடுகள் வெள்ளியாக மின்னின. புது அடி, சந்தேகமே இல்லை. இரண்டாம் சிலிண்டரிலும் பிறை வடிவம் தெரிந்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. மெக்கானிக் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "அது கம்பெனியிலயே வெட்டி விட்ட பள்ளம் தம்பி, வால்வுக்கு இடம். உள்ள கரி பரவியிருக்கு பாரு. அடி விழுந்திருந்தா பளபளன்னு இருக்கும்" என்றார். இந்தக் கேமராவை வாங்கப் போகிறவர்கள் இதை மறக்காதீர்கள். பிஸ்டனில் வால்வுப் பள்ளம் இருப்பது தெரியாமல் படம் பிடித்தால் நான்கு சிலிண்டரும் போய்விட்டது என்று தோன்றும்.

மூன்றாம் சிலிண்டர் சுத்தமாகத் தெரிந்தது. நான்காவதும் அப்படியே. ஒரு சிலிண்டரோடு போயிற்று என்று நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன்.

சரி, கண்ணாடி. கேமரா நேராகக் கீழே பார்க்கிறது, வால்வுகளோ தலைக்கு மேலே. அதற்காகத்தான் இந்தச் சாய்ந்த கண்ணாடி. பிளாஸ்டிக் வளையத்தால் தலையைக் கவ்விக்கொள்கிறது, அல்லது கவ்விக்கொள்வதாக நடிக்கிறது. ஒன்றாம் சிலிண்டரில் விட்டுத் திருப்பினேன், வால்வின் விளிம்பு ஒரு கணம் தெரிந்தது. அதற்குள் படம் திடீரென்று பழைய பிஸ்டன் காட்சிக்கு மாறியது. வெளியே இழுத்தால் கேமரா மட்டும் வருகிறது. கண்ணாடி உள்ளே பிஸ்டன் மேல் மல்லாந்து கிடக்கிறது, அதையும் கேமராதான் மிகத் தெளிவாகக் காட்டியது! பிளாஸ்டிக் என்பதால் கூடவே வந்த காந்தம் அதைச் சீண்டக்கூட இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லவேளை, எப்படியும் தொறக்கப் போற சிலிண்டர்" என்றார். அடியே படாத எஞ்சினாக இருந்து, புது பெல்ட்டோடு முடிந்திருக்க வேண்டிய வேலையில் இது நடந்திருந்தால், இந்தக் குட்டிக் கண்ணாடிக்காகவே ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதியை, இறக்க வேண்டியிருந்திருக்கும்.

அப்புறம் அவர் தன் லீக் டவுன் டெஸ்டரை எடுத்தார். இரண்டு மீட்டர் வைத்த பழைய சாமான். பிளக் துளை வழியாகக் காற்றை அடைத்து, எவ்வளவு கசிகிறது என்று காட்டுவது. கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டார், இல்லாவிட்டால் காற்று பிஸ்டனைத் தள்ளி கிராங்கைச் சுற்றிவிடும். கேம்களைக் கையால் திருப்பி, ஒவ்வொரு சிலிண்டராக வால்வுகள் மூடும்படி வைத்தார். இரண்டும் நான்கும் பத்து சதவீதத்துக்குள்ளேயே கசிந்தன, நல்ல எஞ்சினுக்கு அது சகஜம். ஒன்றாவதில் முள் கடைசிக்கே போனது, காற்று உள்ளே போகும் த்ராட்டில் பக்கம் காதை வைத்தால் இஸ்ஸென்ற சத்தம். அதாவது இன்டேக் வால்வு. மூன்றாவதில் நான் காற்று நிற்கும் என்று நினைத்தேன். சைலன்ஸர் வாயில் கையை வைக்கச் சொன்னார். உள்ளங்கையில் காற்று குளிர்ச்சியாக அடித்தது.

"ஒண்ணு இழுக்குறப்போ மூணு பொகை தள்ளும்ல" என்றார். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் எரிபொருள் எரியும் வரிசை, 1-3-4-2. ஒன்றாம் சிலிண்டர் காற்றை உள்ளே இழுக்கும் நேரத்தில் மூன்றாவது புகையை வெளியேற்றிக்கொண்டிருக்கும். கேம் அந்தக் கணத்தில் நின்றால் ஒன்றில் இன்டேக் வால்வுகள், மூன்றில் எக்ஸாஸ்ட் வால்வுகள் திறந்திருக்கும். மீதி இரண்டிலும் எல்லாமே மூடியிருக்கும். அவர் இதைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டுதான் டெஸ்டரையே எடுத்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆக, அடி பட்டிருக்கிறது என்று கேமரா சொன்னால் நம்பலாம். அடி படவில்லை என்று சொன்னால் நம்பவே கூடாது. ஹெட்டை இறக்கியபோது பதினாறில் நான்கு வால்வுகள் வளைந்திருந்தன. மூன்றாம் சிலிண்டரின் இரண்டையும் தட்டையான கண்ணாடிப் பலகையில் உருட்டினால்தான் ஆட்டமே தெரிந்தது, கண்ணுக்கு நேராகத்தான் இருந்தன. என் பிளாஸ்டிக் கண்ணாடியும் கிடைத்தது, துளிக் கீறல் இல்லாமல்.

கேமராவைக் குறை மட்டும் சொல்ல மாட்டேன். சிலிண்டர் சுவரில் ஹோனிங் கோடுகள் (கம்பெனியிலேயே போட்டுவிடும் மெல்லிய கீறல்கள்) குறுக்கும் நெடுக்குமாக அழியாமல் இருப்பதையும், பிஸ்டனில் விரிசலோ ஓட்டையோ இல்லை என்பதையும் அது தெளிவாகக் காட்டியது. முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டுமா, ஹெட் வேலையோடு நிறுத்தலாமா என்ற கேள்விக்கு அந்தப் படங்கள்தான் உதவின. ஹெட்டைத் திறந்த பிறகும் அந்த முடிவை மாற்ற வேண்டி வரவில்லை.

மற்ற வேலைகள் வழக்கம்போல. வால்வுகள், புது கேஸ்கெட், ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் என்பதால் புது ஹெட் போல்ட்டுகள், பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து. மாட்டி முடித்ததும் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினார். அதற்குள் கேம் ஒரு சுற்று வரும். கேமும் கிராங்கும் ஒத்து நிற்க வேண்டிய குறிகள் சரியாக வந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் சாவியை என் கையில் கொடுத்தார்.

கேமராவுக்கு ஐந்துக்கு மூன்று தருகிறேன். அந்தக் கண்ணாடியைப் பெட்டியில் வைக்காமல் விற்றிருந்தால் மூன்றரை தந்திருப்பேன்.