பிளஸ் டூ பிள்ளைகளுக்கு "இலவச வழிகாட்டி முகாம்": கூடலூர், பந்தலூர் பெற்றோர் கவனிக்கவும்

கூடலூர், தேவாலா, பந்தலூர், சேரம்பாடி பக்கம் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை உள்ளவர்கள் இதை முழுக்கப் படியுங்கள். ரிசல்ட் வந்த கையோடு ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் "உயர்கல்வி வழிகாட்டி முகாம், அனுமதி இலவசம்" என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். போன வருடம் அப்படி ஒரு முகாமுக்குப் போனதில் என் தங்கைக்கு ஒரு வருடப் படிப்பும், எங்கள் அப்பாவுக்கு 62,000 ரூபாயும் போயிற்று. புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் எழுதவில்லை. பெயர் தெரிந்தாலும் பயனில்லை, அடுத்த முறை வேறு பேனரோடு வருவார்கள்.

அப்பா அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் தொழிலாளி. இலங்கையிலிருந்து திரும்பி வந்த எத்தனையோ குடும்பங்களைப் போல எங்கள் குடும்பமும் தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில்தான் இருக்கிறது. தங்கை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எடுத்த குரூப். தாவரவியல் என்றால் அவளுக்கு உயிர். நான் திருப்பூரில் வேலையில் இருந்ததால் அம்மாவும் அவளும்தான் முகாமுக்குப் போனார்கள்.

அங்கே முதலில் ஒரு "திறனறித் தேர்வு". டிக் அடிக்கிற தாள்தான். "மற்றவர்களுக்கு உதவுவது பிடிக்குமா? ஒருவர் வலியில் இருப்பதைப் பார்த்தால் வருத்தம் வருமா?" இந்த மாதிரிக் கேள்விகள். இதற்கு எந்தப் பிள்ளை இல்லை என்று டிக் அடிக்கும்? சற்று நேரத்தில் கலர் பிரிண்ட் அவுட் கொடுத்தார்கள். "உங்களுக்கு ஏற்ற துறை மருத்துவம் சார்ந்த படிப்பு. 70 சதவீத ஸ்காலர்ஷிப்புக்குத் தகுதி பெற்றிருக்கிறீர்கள்." அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

எங்கள் லைனிலிருந்து போன மற்ற பிள்ளைகளின் தாள்களைப் பிற்பாடு வாங்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த பையனுக்கும் அதே துறை, அதே 70 சதவீதம். காமர்ஸ் படித்த பெண்ணிடம் பி.எஸ்சி. நர்சிங் சேரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்காமல் பி.எஸ்சி. நர்சிங் சேர முடியாது. அந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். தெரிந்தேதான் சொன்னார்கள். ஸ்காலர்ஷிப் கதையும் அப்படியே. கட்டணத்தை மூன்று மடங்கு ஏற்றிச் சொல்லிவிட்டு அதிலிருந்து 70 சதவீதம் கழித்தால், கிட்டத்தட்ட அவர்கள் வழக்கமாக வாங்குகிற தொகைதான் மிஞ்சுகிறது.

அப்புறம், "சீட் போய்விடும்" என்று சொல்லி அன்றைக்கே 5,000 ரூபாயும், மறுநாள் டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினலாகவும் வாங்கிக்கொண்டார்கள். இங்கேதான் பிள்ளை மாட்டிக்கொள்கிறது. ஒரிஜினல் அவர்கள் கையில் இருக்கிற வரை வேறு எந்தக் கல்லூரியிலும் போய்ச் சேர முடியாது. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்குமே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-ல் அறிவித்திருக்கிறது. கல்லூரியே வைக்கக் கூடாததை, நடுவில் நிற்கிற ஒரு ஏஜென்டுக்கு வைத்துக்கொள்ள என்ன உரிமை?

மைசூர் பக்கம் ஒரு கட்டடத்தில் சேர்த்தார்கள். "நர்சிங்" என்றுதான் கடைசிவரை சொன்னார்கள். ரசீதில் படிப்பின் பெயரே இல்லை, "கோர்ஸ் ஃபீஸ்" என்று மட்டும் இருந்தது. உள்ளே போய்ப் பல மாதம் கழித்துத்தான் அது நர்சிங் அசிஸ்டன்ட் சான்றிதழ் என்று தெரிந்தது. ஏதோ ஒரு டிரஸ்ட் கொடுப்பது. அதை வைத்துக்கொண்டு தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் ஸ்டாஃப் நர்ஸ் ஆக முடியாது. மூன்று வருட ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ, நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் இரண்டும் வேறு, இது வேறு.

இது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று சொல்லுகிறேன். ஒரு நாள் ராத்திரி தங்கை போன் பண்ணினாள். "அண்ணா, நம்ம ஸ்கூல்ல இருந்து ரெண்டு பொண்ணுங்கள சேத்து விட்டா எனக்கு ஃபீஸ்ல கொறைப்பாங்களாம். எனக்கு அது பிடிக்கல" என்றாள். பதினெட்டு வயதுப் பிள்ளையையே ஆள் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரவு 9 மணிக்கு மேல் மைசூர் போகிற பந்திப்பூர் காட்டுச் சாலை மூடிவிடும், உடனே ஓட முடியாது. விடிந்ததும் அப்பா கிளம்பிப் போய் அவளைக் கூட்டி வந்தார். சான்றிதழைக் கொடுக்க மாட்டேன் என்றார்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, கலெக்டரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுத்த பிறகுதான் டி.சி.யும் மார்க் ஷீட்டும் கைக்கு வந்தன. பணம் இன்னும் வரவில்லை.

அவளுடைய தாவரவியல் டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பேசினார். முகாமில் ஒருவரும் கேட்காத கேள்வியைத்தான் அவர் முதலில் கேட்டார்: "உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?" அதற்கப்புறம் அவள் குரூப்புக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். பி.எஸ்சி. தாவரவியல், வேதியியல், வேளாண்மை, தோட்டக்கலை, மேட்டுப்பாளையத்தில் வனவியல், பி.ஃபார்ம்., உண்மையான நர்சிங், ஐந்து வருடச் சட்டப் படிப்பு. எங்கள் அம்மா வாயடைத்துப் போய்விட்டார். வேளாண்மை, சட்டம், பொறியியல் மாதிரித் தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அரசுக் கல்லூரியில் சேர ஆன்லைன் விண்ணப்பத்துக்குச் சுமார் 50 ரூபாய்தான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. இவ்வளவும் அவளுக்குச் சேர வேண்டியவை. முகாம்காரர்கள் ஒரு வார்த்தை மூச்சுவிடவில்லை. இதைச் சொன்னால் அவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வருகிற கமிஷன் வராதே.

யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால் படிப்பின் முழுப் பெயரையும், எந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கவுன்சில் அங்கீகாரம் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்லவர்கள் எழுதித் தருவார்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். அரசு கவுன்சிலிங் முடிகிற வரை யாருக்கும் முன்பணம் வேண்டாம். சந்தேகம் இருந்தால் பிள்ளை படித்த பள்ளிக்கே போய்க் கேளுங்கள். நான் முதல்வன் திட்டத்தில் வழிகாட்டுவதற்குப் பள்ளிகளிலேயே ஏற்பாடு இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கும் போன் செய்யலாம்.

தங்கை இந்த வருடம் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் சேர்ந்திருக்கிறாள். அதே ஆட்களிடம் பணம் கட்டி ஏமாந்தவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், ஜிபே விவரம், அந்தக் கலர் பிரிண்ட் அவுட் எதையும் தூக்கிப் போடாதீர்கள். தனித்தனியாகப் போவதைவிடச் சேர்ந்து போய்ப் புகார் கொடுத்தால் வழக்கு நிற்கும். எனக்கு எழுதுங்கள், நானும் கூட வருகிறேன்.