பல மொழிச் சபைக்கு ‘டூர் கைடு’ ஒலிபரப்புக் கருவி வாங்கலாமா?

ஐரோப்பாவில் புதிதாகத் தொடங்கும் கிறிஸ்தவச் சபைகள் பலவும் வாடகை அரங்கில்தான் கூடுகின்றன. வருபவர்களோ பாரசீகம், ஸ்பானியம், தமிழ் எனப் பல மொழிக்காரர்கள். மேடையில் நின்று வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்தால் 30 நிமிடப் பிரசங்கம் ஒரு மணி நேரமாகிவிடும். சுற்றுலா வழிகாட்டிகள் பயன்படுத்தும் கையடக்க ஒலிபரப்பி இதற்கு நல்ல மாற்று. பிரசங்கம் நடக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் அதில் மெல்லப் பேசுவார். மொழிக்கு ஒரு ஒலிபரப்பி, கேட்பவருக்கு ஒரு ரிசீவர், அவ்வளவுதான். கம்பி இழுக்கும் வேலை இல்லை.

863–865 மெகாஹெர்ட்ஸ் மாடலையே வாங்குங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் தனி உரிமம் தேவைப்படாத அலைவரிசை அது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மாடல்கள், கூட்டம் நிறைந்ததும் வைஃபை நெரிசலில் விட்டுவிட்டுக் கேட்கலாம்.

கருவியைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் காதில் என்ன விழுகிறது என்று பார்ப்பதில்லை. ஒலிக்கலவைக் கருவியான மிக்ஸரில் ‘ஆக்ஸ்’ என்ற தனி வெளியீடு இருக்கும். அதன் வழியே போதகரின் மைக்கை மட்டும் அவருக்குக் கொடுங்கள். கிட்டார் சத்தமும் கலந்தால் பாதி வார்த்தை போய்விடும். கடைசி வரிசையில் உட்காரட்டும். 20–30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். வசனக் குறிப்புகளை முன்கூட்டியே தந்துவிட வேண்டும். பழகிய வேதாகம நடையில் வராத வசனம் கேட்பவர் காதில் ஒட்டாது.

இந்தக் கருவிக்குப் பதிலாகக் கைபேசிச் செயலி மலிவுதான், ஆனால் ஒலி தாமதமாக வரும், பேட்டரியும் கரையும்.

காதுக்குள் செருகும் ஹெட்ஃபோன் வேண்டாம், காதில் மாட்டும் வகையே துடைக்க எளிது. ரிசீவர்களுக்கு எண் ஒட்டி, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். பைக்குள் வைத்தபடி மறந்து வீட்டுக்குக் கொண்டுபோவது சகஜம்.